ஓகனுக்குப் பக்கத்து முக்காலி

"தாள் பிரட்டுறதும் ஒரு உத்தியோகமா மனே?" என்று அம்மா என்னிடம் கேட்டபோது எனக்குக் கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மருமகளைப் பார்க்கவென்று களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி, பெட்டி நிறையப் பலகாரத்தோடு மட்டக்களப்புக்கு வந்திருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் எங்களோடு தேவாலயத்துக்கும் வந்துவிட்டார். அங்கே மருமகள் ஓகன் என்கிற ஆர்கன் வாத்தியத்துக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்காலும் மதகும் வரைகிற அவருடைய ஒரே மகன், பக்கத்தில் ஒரு முக்காலியில் குந்திக்கொண்டு, அவள் தலையைக் குனியும்போதெல்லாம் துள்ளி எழுந்து இசைத்தாளைப் பிரட்டிக்கொண்டிருந்தான். இதைப் பார்த்தால் எந்த அம்மாவுக்குத்தான் வயிறு எரியாது?

"அவவுக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இரிக்கி அம்மா. மூணாவது கை நான்தான்" என்றேன்.

"அப்ப கலியாணத்துக்கு முதல் ஆரு பிரட்டின?"

அவளே பிரட்டியிருக்கிறாள், ஒரு கையால் வாசித்துக்கொண்டே, கண்மூடித் திறக்கும் நேரத்துக்குள். நான் இல்லாமலும் அவளுக்கு நடக்கும் என்பதை அம்மாவிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் கிறிஸ்தவனில்லை. இன்றுவரை இல்லை. மண்டூர் முருகன் கோயிலில், பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் பூசை செய்வதைப் பார்த்து வளர்ந்தவன். சாமிக்கு முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு பெட்டியை மிதித்து மிதித்து இவ்வளவு சத்தம் எழுப்புவது முதலில் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே பட்டது. அதை ஒருநாள் அவளிடம் சொல்லியும் விட்டேன்.

"ஏன், உங்கட மண்டூர்ல மணி அடிக்கிறல்லயா?" என்றாள்.

அடிப்பார்கள்தான். அவளோடு வாதாடி வென்ற சரித்திரம் எனக்குக் கிடையாது.

அவளில் நான் முதன்முதலில் பார்த்தது முதுகைத்தான். கொழும்பில் ஒரு பயிற்சிக்காக மூன்று மாதம் தங்கியிருந்தபோது, கூட இருந்தவன் ஒருவன் மாலை நேரம் ஒரு தேவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பாட்டில்லை, பிரசங்கமில்லை, ஓகன் மட்டும்தான் என்றான். கச்சேரி மாதிரி ஒன்று. சுவர் உயரத்துக்குக் குழாய்கள் நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு பெண், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓகன் வாசிப்பவர்களின் விதி அது. மேடையில் இருப்பார்கள், முகம் தெரியாது. கைகள் மேலே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்த கட்டை வரிசைகளில் ஓட, கால்கள் கீழே தனியாக இன்னொரு வரிசையில் நடந்துகொண்டிருந்தன. மெல்லிய தோல் சப்பாத்து போட்டிருந்தாள். அந்தச் சப்பாத்தின் குதியும் நுனியும் மாறி மாறிக் கட்டைகளைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணித்தியாலம் ஒரு பெண்ணின் முதுகையும் குதிகாலையும் பார்த்துவிட்டு, கலியாணம் கட்டினால் இவளைத்தான் என்று முடிவெடுத்தவன் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவளும் மட்டக்களப்புதான் என்று தெரிந்தபோது, முருகன் என் பக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு கொழும்பில் அவள் கொடுத்த கச்சேரியில் நானும் மேடையில் இருந்தேன், முக்காலியில். எனக்கு இசைத்தாள் வாசிக்கத் தெரியாது. அந்தப் புள்ளிகள் எல்லாம் எனக்கு மின்கம்பியில் குருவி உட்கார்ந்த மாதிரித்தான். அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவள் தலை அசைத்தால் நான் பிரட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நடுவில் மெதுவான ஒரு பகுதி வந்தது. அவளுக்கே அது பிடித்துப்போய், நாங்கள் நாதஸ்வரத்துக்கு ஆட்டுவோமே, அதேபோல் தலையை ஒரு பக்கமாக ஆட்டினாள். நான் பிரட்டினேன். திரும்பவும் ஆட்டினாள். இன்னொரு தாளையும் பிரட்டினேன். மூன்றாவது தடவை என் கணுக்காலில் ஒரு உதை விழுந்தது. மெல்லிய சப்பாத்துதான், ஆனாலும் நோவாகத்தான் இருந்தது. மிச்சத்தை நினைவிலிருந்து வாசித்து முடித்தாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் சிரித்துக்கொண்டே குனிந்து வணங்கி, உதட்டை அசைக்காமல் எனக்குச் சொன்னாள்: "சந்தோசத்துக்கு ஆட்டுறது வேற, உங்களுக்கு ஆட்டுறது வேற."

அதற்குப் பிறகு கலவரம், சண்டை, பாதை பூட்டு என்று காலம் போனது. கொழும்புக் கச்சேரிகள் நின்றுபோயின. அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டு, ஞாயிறுகளில் எங்கள் ஊர் ஓகனை வாசித்தாள். அதற்குக் குழாய் கிடையாது. காலால் மிதித்துத் துருத்திக்குக் காற்றடிக்க வேண்டும். முன்னால் வரிசையாகச் சில குமிழ்கள். அவற்றை வெளியே இழுத்தால் சத்தம் கூடும், உள்ளே தள்ளினால் குறையும். கொழும்பில் அவள் வாசித்ததோடு ஒப்பிட்டால் இது தோணி, அது கப்பல். ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் அவள் குறை சொன்னதில்லை. குறை சொன்னதெல்லாம் சனத்தைப் பற்றித்தான்.

எங்கள் சனம் பாட்டை இழுக்கும். நாலு வரிப் பாட்டை ஆற அமர, வெற்றிலை போட்டுக்கொண்டு பாடுவதுபோலப் பாடும். சில ஓகன்காரர்கள் சனத்தை அடக்க உரத்து வாசிப்பார்கள். அவள் அப்படிச் செய்யமாட்டாள்.

"உரத்து அடிச்சா அவங்களும் உரத்து இழுப்பாங்க" என்பாள். "விரலக் கொஞ்சம் வெள்ளன எடுக்கோணும். இடவெளி விழுந்தாச் சனம் தானா முன்னுக்கு வரும்."

பியானோவில் தட்டிய சத்தம் தானாக அடங்கிவிடுமாம். ஓகனில் விரல் இருக்கும்வரை சத்தமும் இருக்கும். அதனால் விரலை எப்போது எடுப்பது, எவ்வளவு முந்தி எடுப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது என்பாள். சமையலறையில் மேசை விளிம்பில் வாசித்துக் காட்டுவாள். எனக்கு ஒரு மண்ணும் விளங்காது, ஆனால் அவள் விரல்களைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பு வந்ததேயில்லை.

அவளுக்கு ஒரு பாடகர் குழு இருந்தது. பெரும்பாலும் அவளிடம் படித்த பெண் பிள்ளைகள். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் தோளை உயர்த்தி மூச்செடுப்பாள். பிள்ளைகளும் அவளைப் பார்த்து அதே நேரம் மூச்செடுப்பார்கள். நாவலடியிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர் அதில் முன்வரிசை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் துண்டு நாவலடி. தகப்பன் இல்லாத பிள்ளைகள். தாய் கருவாடு போட்டு விற்று அவர்களையும் ஒரு அண்ணனையும் வளர்த்தார். அக்காவுக்குக் குரல் நன்று, தங்கைக்கு வாய் நன்று. "அன்ரி, அங்கிள் இண்டைக்குப் பிழையாப் பிரட்டினார், நான் பாத்தன்" என்று என்னைக் காட்டிக்கொடுப்பதில் தங்கைக்குத் தனி இன்பம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பிள்ளை என்னைக் கேலி செய்யும்போது எனக்குக் கோபமே வராது.

ஆராதனை முடிந்து போதகர் ஆசீர்வாதம் சொன்ன பிறகு ஓகனில் தனியாக ஒன்று வாசிப்பது வழக்கம். அதுதான் அவளுடைய நேரம். கொழும்பில் வாசித்ததைப் போன்ற உருப்படிகளை அப்போதுதான் எடுப்பாள். ஆனால் எங்கள் சனத்துக்கு ஆசீர்வாதத்தோடு எல்லாம் முடிந்தது. செருப்பைத் தேடுவார்கள், மீன் விலை கதைப்பார்கள், பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கொழும்பில் எழுந்து நின்று கைதட்டிய வாசிப்புக்கு இங்கே ஆள் உட்காராத வெறும் வாங்குகள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ, "நான் அவங்களுக்கு வாசிக்கல்ல" என்று விட்டுவிடுவாள். நான் நம்பவில்லை. கேட்க ஆளிருந்தால் எந்தக் கலைஞருக்குத்தான் கசக்கும்?

ஆனால் வருடத்தில் ஒரு ஞாயிறு முழுவதும் அவளுடையதாக இருந்தது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அடுத்து வரும் ஞாயிறு. நத்தாருக்கு முன் வீடு வீடாகப் பாடப் போவது, நடுச்சாம ஆராதனை, மறுநாள் காலை ஆராதனை என்று குரல் கட்டிப்போன பிள்ளைகளுக்கு அவள் அந்த ஞாயிறு லீவு கொடுப்பாள். குழு இல்லாததால் இடையில் வரும் இடமெல்லாம் ஓகன் தனியாக நிரப்ப வேண்டும். போதகருக்கும் அது சம்மதம். அந்த ஞாயிறுக்காக அவள் ஒரு மாதம் முன்பே பழகத் தொடங்குவாள். "பிள்ளைகளுக்கு ஓய்வு" என்று சொல்வாள். "உனக்குக் கச்சேரி" என்று நான் கேலி செய்வேன்.

சுனாமி வந்த வருடம் நத்தார் சனிக்கிழமை வந்தது. ஆகவே லீவு ஞாயிறு மறுநாளே வந்துவிட்டது. நத்தார் ஆராதனை முடிந்து கேக் சாப்பிடும்போது தங்கைக்காரி ஓடி வந்தாள்.

"அன்ரி, நாளைக்கும் லீவுதானே? பிறகு ஏன் வரல்ல எண்டு ஏசக் கூடாது."

"ஒருத்தரும் வரவேணாம். நல்லா நித்திரை கொள்ளுங்க" என்றாள் என் மனைவி. "நான் தனிய அடிச்சுக்கொள்ளுறன்."

மறுநாள் காலை தேவாலயத்தில் கால்வாசிச் சனம்தான். போதகரே கொட்டாவி விட்டார். அவள் வாசித்தாள். அவ்வளவு நன்றாக அவள் வாசித்து நான் கேட்டதில்லை. முன்வாங்கில் அந்த அக்கா தங்கையின் தாய், நாங்கள் நாவலடி அம்மா என்பவர், மகனோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் வரவில்லை. ஆசீர்வாதம் முடிந்து கடைசி உருப்படியை அவள் தொடங்க, வழக்கம்போல எல்லோரும் வெளியே போனார்கள். அவள் முடித்துக் கையை எடுத்த பிறகுதான் வெளியே சத்தம் கேட்டது. கல்லடிப் பாலத்துப் பக்கமிருந்து சனம் நனைந்த உடுப்போடு ஓடி வந்துகொண்டிருந்தது. கடல் வந்துவிட்டது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று நான் கேட்டது நினைவிருக்கிறது.

குழுவில் நாலு பேர் போய்விட்டார்கள். எல்லோரும் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள். எல்லோரும் வீட்டில் நித்திரையில் இருந்தவர்கள். அக்கா, தங்கை இருவரும் அதில் அடக்கம்.

என் மனைவி அழவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக அழுதாள். பிறகு எழுந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்கு அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்தாள். ஆனால் ஓகனைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் திறக்கவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. போதகர் கேட்டபோது விரல் மடங்குதில்லை என்றாள். எனக்கும் அதையேதான் சொன்னாள். நானும் முட்டாள்போல் எண்ணெய் வாங்கி வந்து தேய்த்துவிட்டேன்.

உண்மையை ஒருமுறைதான் சொன்னாள், சாப்பாட்டுக்கு முன்னால், முகத்தைப் பார்க்காமல். "லீவு குடுத்தது பிள்ளைகளுக்காக இல்ல. எனக்காக. எனக்குத் தனிய வாசிக்கோணும் எண்டிருந்திச்சு."

'உனக்குக் கச்சேரி' என்று நான் கேலி செய்தபோதெல்லாம் அவள் அதை மனதில் வாங்கியிருக்கிறாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

நான் அமைதியான மனிதனில்லை. அவளோடு சண்டை பிடித்தேன். கடல் வருமென்று உனக்கு ஆர் சொன்னது, பாடகர் குழு முழுவதையும் நீயா கொன்றாய், கடவுளுக்கு வேலையில்லையா என்றெல்லாம் கத்தினேன். கடவுளை இழுத்தது பிழை, அவளுடைய கடவுளைப் பற்றி எனக்கென்ன தெரியும். கத்திப் பலனில்லையென்று கண்டபின் கொழும்பிலிருந்து ஒரு சின்ன மின் ஓகனை வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். அவள் அதற்கு மேல் துணி விரித்து ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கினாள். மிகவும் நேர்த்தியாக அடுக்கினாள்.

தேவாலயத்தில் ஒரு இளைஞன் கிற்றாரோடு பாட்டை நடத்தினான். சனம் தாராளமாக இழுத்தது. அவள் பெண்கள் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருப்பாள். பாட்டின் வேகம் குறையக் குறைய அவளுடைய கால் நிலத்தில் தட்டத் தொடங்கும். தெரிந்ததும் பாதத்தைப் பாதத்தால் மிதித்துக்கொள்வாள். எனக்குத் தேவாலயத்தில் இனி ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். அந்தக் காலைப் பார்க்கத்தான் போனேன். அது தட்டும்வரை எனக்கு நம்பிக்கை இருந்தது.

இதற்கிடையில் திரும்பவும் சண்டை வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் கால்நடையாக வந்து முகாம்களில் நிறைந்தது. அவள் அங்கேயும் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். பிறகு எங்கள் பக்கம் அடங்கியது, இன்னும் இரண்டு வருடத்தில் வடக்கிலும் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். எப்படி முடிந்தது என்பதைப் பற்றி ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. ஆனால் பாதை திறந்தது.

பாதை திறந்த கையோடு கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அவளோடு ஓகன் படித்த பெண்மணி, இப்போது அந்தக் குழாய் ஓகன் இருக்கிற தேவாலயத்தின் இசைக்குப் பொறுப்பாக இருந்தார். ஒரு மாலை வந்து வாசி, முழுக் கச்சேரியும் உன்னுடையது என்றார். நான் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மிக மரியாதையாக, மிக இனிமையாக, முடியாது என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு, "மீன் பொரியுது, பாத்தீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். இவள் இனி ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. வாசிக்காத இவளை எனக்குத் தெரியாது. வாசித்த முதுகைத்தானே கட்டினேன்.

ஒரு மாதமளவில் நாவலடி அம்மா வீட்டுக்கு வந்தார். இப்போது நாவலடியில் இல்லை, திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார். மகனுக்குச் செங்கலடியில் பெண் சரிவந்துவிட்டது என்று கலியாணம் சொல்ல வந்திருந்தார். என் மனைவி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்தவர் பாயில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துத் தானும் ஆயத் தொடங்கினார்.

"டீச்சர்தான் ஓகன் அடிக்கோணும்" என்றார்.

"எனக்கு விரல் மடங்குதில்லகா. கிற்றார்த் தம்பியிட்டச் சொல்லுறன்."

நாவலடி அம்மா அந்த விரல்களைப் பார்த்தார். ஒரு இணுக்கில் இருந்த இலை முழுவதையும் அவை ஒரே இழுவையில் உருவிப் போட்டன. அந்தப் பார்வைதான் அவளை உடைத்திருக்க வேண்டும்.

"நான் சொல்லித்தானேகா அவளுகள் வராம நிண்ட?" என்றாள் என் மனைவி. குரல் உயர்ந்துவிட்டது. "வரச் சொல்லியிருந்தா வந்திருப்பாளுகள். தேவாலயத்துக்குள்ள இருந்திருப்பாளுகள். எனக்குத் தனிய வாசிக்க ஆசை வந்துத்து. உங்கட பிள்ளைகள நான்தான் வீட்டில இருக்கச் சொன்னனான்."

இத்தனை வருடமும் இதை அவரிடம் சொல்லாமல் சுமந்திருந்தாள். நாவலடி அம்மா கையிலிருந்த இணுக்கை ஆய்ந்து முடித்தார்.

"அண்டைக்கு நான் வெளிக்கிடக்க ரெண்டும் ஒரு போர்வைக்குள்ள கிடந்ததுகள்" என்றார். "பெரியவள்ற மேல சின்னவள் காலைத் தூக்கிப் போட்டிருந்தாள். எழுப்பிக் கூட்டித்துப் போவமா எண்டு நிண்டு பாத்தன். மறுகா, பாவம், படுக்கட்டும் எண்டு விட்டுத்தன். கதவக்கூடச் சத்தம் கேக்காமச் சாத்தின, டீச்சர். எழும்பிருவாளுகள் எண்டு." கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கையாலதான் சாத்தின. இந்தக் கையாலதான் மகனுக்குச் சோறும் ஆக்கிப் போடுறன். அவன் சாப்பிடோணுமே."

நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். கூடத்திலும் அழுகைச் சத்தம் கேட்டது, இரண்டு குரலிலும். நான் திரும்பி வந்தபோது கீரை ஆய்ந்து முடிந்திருந்தது. தேத்தண்ணியில் சீனி போட மறந்திருந்தேன். இருவரும் அதை அப்படியே குடித்தார்கள்.

"கலியாணம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

தேவாலயத்து ஓகனைத் திறந்தபோது உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. துருத்தித் தோல் வெடித்துக் கிடந்தது. தோலுக்கு எங்கே போவது? கடைசியில் ஆட்டோ சீற் தைக்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் படுத்துப் பார்த்து, எழும்பிப் பார்த்து, சீற்றுக்குப் போடுகிற சிவப்பு றெக்சினை ஒட்டிக் கொடுத்தார். என் மனைவி மிதித்துப் பார்த்தாள். காற்று கசியாமல் நின்றது. உள்ளே பித்தளை நாக்கு இறுகிப்போயிருந்த சில சுரங்கள் முனகின, சில தும்மின. அவள் கலியாணம்வரை ஒவ்வொரு பின்னேரமும் போய்ப் பழகினாள். விரல்கள் முதலில் சண்டித்தனம் செய்தன. ஏசினாள். தன்னையும் ஏசினாள், ஓகனையும் ஏசினாள், தாளைப் பிந்திப் பிரட்டினேன் என்று என்னையும் ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்டு நான் பட்ட சந்தோசத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

கலியாணத்தன்று பாட்டுகளைச் சனம் வழக்கம்போல் இழுத்தது. அவள் விரலைக் கொஞ்சம் வெள்ளன எடுத்து எடுத்து, கோபிக்காமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆசீர்வாதம் முடிந்து பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெளியே நடக்க, அவள் தனி உருப்படியைத் தொடங்கினாள். பழைய கச்சேரியில் வாசித்ததுதான், நான் உதை வாங்கியது. சனம் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் மண்டபத்துச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு இந்தமுறை யாரிலும் கோபம் வரவில்லை. அவள் வாசித்தால் போதும் என்றிருந்தது.

கடைசித் தாளைப் பிரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். முன்வாங்கில் நாவலடி அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தாய், மண்டப வாசலில் நின்று சனத்தை வரவேற்க வேண்டியவர். சரிகைச் சீலையோடு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முடியும்வரை அசையாமல் இருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து ஓகனின் பலகையில் கையை வைத்தார்.

"முடிஞ்சிதா டீச்சர்?"

"ஓம்."

"இன்னொருக்கா அடிப்பீங்களா?"

"அங்க உங்களைத் தேடுவாங்களே" என்றாள் என் மனைவி.

"தேடட்டும்." பலகையில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "இதவிடச் சத்தமா அடிக்க ஏலுமா?"

"ஏலும். ஏன்கா?"

"அண்டைக்கு நான் எழுப்பாம வந்தித்தன்" என்றார் நாவலடி அம்மா. "இண்டைக்கு அண்ணன்ர கலியாணம். எழும்பட்டும் அவளுகள்."

என் மனைவி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓகன் பக்கம் திரும்பி, இருந்த குமிழ்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வெளியே இழுத்துவிட்டு, முழுப் பலத்தோடு மிதிக்கத் தொடங்கினாள்.